நாலாயிரத்தை எதால் வகுப்பது

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். பல்லேகல பஸ்ஸில் நின்றபடியே வந்து கால் வலி. இன்றைய வேலை: ஹந்தானைத் தடுப்புச் சுவரின் கொங்கிறீட் கியூப் மூன்று. வார்த்து 28 நாள் ஆனவை. இயந்திரத்தில் வைத்து நசுக்கியதில் பலம் 20.9, 21.3, 20.6 மெகாபாஸ்கல். எங்கள் கம்பனி எஞ்சினியர் சுதாகர் சேர் எழுதித் தந்த துண்டில் தேவை குறைந்தது 20. பாஸ்.

கோப்பில் வைக்கப் போனபோதுதான் மூல வரைபடத்தை முதல்முறையாகப் பார்த்தேன். பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் வரைந்தது. அதில் இருப்பது 4000 பி.எஸ்.ஐ., சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கு. மெகாபாஸ்கலாக்க 145ஆல் வகுக்க வேண்டும். 27.6 வருகிறது. மூன்று தடவை பார்த்தேன். அந்த ஆள் 200ஆல் வகுத்திருக்கிறான். பெரிய எஞ்சினியர்!

ஜூலை 15, செவ்வாய்

சுதாகர் சேரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அறை முழுக்க அவன் சென்ட் வாடை.

"இருநூறால வகுத்தா மனக்கணக்குக்கு லேசு, தேவிகா. சுவரு நிக்குதுல்ல?"

"பெரிய மழை இன்னும் பெய்யலையே சேர்."

கால்குலேட்டரை நீட்டினேன். தொடவில்லை.

"டிப்ளோமா படிச்சிட்டு எனக்கு வகுத்தல் சொல்லித் தாரியா? ஏழு நாள் ரிப்போர்ட்ல யாரு சைன்? உன் சைன். என்னோடது எங்கயாச்சும் இருக்கா?"

இல்லை. மூன்று வாரத்துக்கு முன், ஏழு நாள் கியூப் ரிப்போர்ட்டில் அவன் சொன்ன 20ஐ நம்பிக் கையெழுத்துப் போட்டது நான். என்னிடம் இரவல் பேனா கேட்கும்போதுகூட நக்கலாகச் சிரிப்பான். இனி அவனுக்குப் பேனா கிடையாது.

ஜூலை 16, புதன்

அவன் எழுதித் தந்த துண்டைக் கோப்பில் காணோம். எடுத்துவிட்டான், நாய்.

அரை நாள் லீவு. ஹந்தானைக்குப் போனேன். சுவர் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே பத்தடியில் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பரமேஸ்வரி என்ற அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சுவரு வந்த பெறகுதான் மிஸ் நிம்மதியா படுக்குறோம். முந்தியெல்லாம் மழைன்னா புள்ளைங்கள தூக்கிக்கிட்டு கோயிலுக்கு ஓடுவோம்."

வாய் வரை வந்தது. சொல்லவில்லை. என்மேலேயே வெறுப்பு.

ஜூலை 17, வியாழன்

வாங்க: பால்மா, செருப்புக்கு வார், அம்மாவின் மருந்து.

மேசையில் அச்சடித்த ரிப்போர்ட். 'தேவை 20. பாஸ்.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். 20ஐ வெட்டி 27.6 என்று எழுதினேன். பாஸை வெட்டி ஃபெயில். கையெழுத்துப் போட்டேன். வரைபடப் பிரதியையும் என் பழைய ஏழு நாள் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நேரே கண்டிக்கு. வேலையை மேற்பார்க்கும் எஞ்சினியர் நிஸ்மியா மேடம். மெதுவாக, எல்லாம் வாசித்தார்.

"இந்தப் பழையதுல ஒங்கட சைன் ஈக்கே. தெரிஞ்சுதான் தாறீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம். அவரு சொன்ன நம்பர செக் பண்ணாம போட்டேன்."

என் முன்னாலேயே தோட்டத்துக்குப் போன் எடுத்தார். சுவரைத் துளைத்துப் பார்க்கும் வரை லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தில்.

ஜூலை 18, வெள்ளி

சுதாகர் கம்பனி வாசலிலேயே நிறுத்தினான். "சோறு போட்ட கம்பனிய காட்டிக் குடுத்துட்டியே!" எல்லாரும் பார்க்க. அவன் போட்ட சோறா? என் உழைப்பு. சொல்லியும் விட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

முடிவு வந்தது. துளைத்தெடுத்த துண்டுகள் எதுவும் 22ஐத் தாண்டவில்லை. சுவரை உடைக்கிறார்கள். அவனுக்கு வேலை இடைநிறுத்தம். எனக்கும். அவன் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை.

பின்னேரம் மழை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மண்டபத்தில் பதினொரு குடும்பம், ஒரே கழிப்பறை. பரமேஸ்வரி அக்கா நனைந்த பாயை உதறிக்கொண்டிருந்தார்.

"கட்டுனதும் நீங்கதான், நிக்காதுன்னு சொல்றதும் நீங்கதான். அன்னிக்கு வந்தப்ப ஏன் மிஸ் வாயத் தொறக்கல? அன்னிக்கும் புள்ளைங்கள அதுக்குக் கீழதானே படுக்கப் போட்டேன்?"

பாயின் மறுமுனையைப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.