செல்வத்தின் வேம்புக்கு

முத்துமாரி,

நம் செல்வத்தின் பெயரில் தெருக்காரர்கள் நட்ட வேம்பு பட்டுப்போனதைப் பார்த்ததும், "கண்ட தண்ணியையும் ஊத்திக் கொன்னுட்டியேடி" என்று நேற்று கத்திவிட்டேன். "புள்ளைக்குனு தெனமும் ஊத்துனேனே" என்று மட்டும் சொன்னாய். நீ ஊற்றியது என் பட்டாசு ஆலைச் சட்டையை அலசிய தண்ணீர். அதிலிருந்த வெடிமருந்து நான் கொண்டுவந்தது. வெடித்து அவனைக் கொண்டுபோனதும் அதே மருந்துதான்.

நம் தெரு மரக்குழுவின் கருப்பணன் அண்ணன் காலையில் புதுக் கன்று கொண்டுவருவார். பழைய மண்ணை முழுதும் அள்ளிவிடச் சொல். குழம்பு அடுப்பில் இருக்கிறது, சாப்பிடு.

இன்றும் எனக்கு மருந்து கலக்கும் அறையில்தான் வேலை.

சாயங்காலம் என் சட்டையைத் தொடாதே, நானே அலசிக்கொள்கிறேன். கன்றுக்குக் குடத்துத் தண்ணீர் ஊற்று.

நான் வராமல் போனால், வெடியில் போனவர்களுக்கு நடுவதுபோல் எனக்கென்று தனிக் கன்று வேண்டாம். அவன் கன்றையே பார்த்துக்கொள்ளக் குழுவிடம் சொல்.