சாய்ந்த பீடப்பகுதி

மகனே,

குருக்கள் சபையார் கட்டிய நம் கோயிலின் பீடப்பகுதி நேர்கோட்டிலிருந்து விலகி வடக்கே சாய்ந்திருப்பது, சிலுவையில் இயேசு தலை சாய்த்ததன் குறி என்பார் உன் அப்பா. கட்டியவர்களின் தவறு என்றாய் நீ. அந்தச் சண்டையோடு வீட்டைவிட்டுப் போனாய்.

போன வாரம் ஆய்வாளர்கள் வந்து தளக்கற்களைப் பெயர்த்துப் பார்த்தார்கள். பீடப்பகுதிதான் முதலில் எழுந்ததாம். நூறு ஆண்டு கழித்து மேற்கு வாசலிலிருந்து கட்டி வந்தவர்கள் நேர்கோட்டைத் தவறவிட்டார்களாம்.

கோயில் சாவி வைத்திருக்கும் ஒதில் சிரித்தாள். "மதாம், தலை சாய்ச்சது ஆண்டவர் இல்ல, கொத்தனாரு! உங்க பையன் அன்னிக்கே சொன்னாரே?"

"கோயில்ல சத்தம் போடாத" என்றேன்.

பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடத்தில் அன்றே ஒரு தூணைத் தடிமனாக எழுப்பி இணைத்திருக்கிறார்கள். இன்றுவரை விரிசல் இல்லை.

நவம்பரில் அப்பாவின் நினைவுப் பூசை. அந்தத் தூணருகே, எனக்கு அடுத்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடாதே என்று ஒதிலிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா