ரோஜாத் தொட்டிக்கு யார் தண்ணி ஊத்துறது

ஜெபா,

டியூட்டி முடிஞ்சு வந்து சாப்டாம படுத்துடாத. சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு, குழம்பைச் சுட வெச்சுக்கோ.

நேத்து கம்பெனி விட்டதும் பிரௌசிங் சென்டர்ல உக்காந்து உன் ரோஜா ஏன் இப்டி இலை உதிர்க்குதுன்னு தேடினேன். பனி கொட்டுற ஊர்க்காரங்க எழுதினதுதான் ஜாஸ்தி. நம்ம போர்வெல்ல வர்ற உப்புத் தண்ணியைப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? ஒரு வெள்ளைக்காரம்மா மட்டும், இலை மஞ்சளா உதிர்ந்தா தண்ணி அதிகமான்னு மண்ணைத் தொட்டுப் பாருன்னு எழுதியிருந்துது. வந்து தொட்டேன், சேறு.

குடிக்கிற கேன் தண்ணியைச் செடிக்கு ஊத்துறேன்னு நீ திட்டினப்புறமும் தினம் காலைல ஒரு சொம்பு ஊத்தினேன். உண்மைதான். ஆனா ஒரு சொம்புல சேறு ஆவாது, கேனும் இவ்ளோ சீக்கிரம் தீராது. இந்த வீட்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரு இருக்கா?

திட்டிட்டு நீயும் அதையேதான் ஊத்தியிருக்க. பத்து நாளா பேச்சில்லாம, சீட்டு மட்டும் எழுதி வெச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து அதை அழுக வெச்சிட்டோம்.

– சீலன்

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்தினா போதுமாம். திங்கள் நீ, புதன் நான், வெள்ளி நீ.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமே வீட்லதான். அன்னைக்கு யாருன்னு சீட்டுல எழுதாத. வாயால சொல்லு.