கும்பிட்ட கைப் படம்

வியாழக்கிழமை. இரவு, செபம் முடிந்த பிறகு.

கிளிநொச்சியில் வியாபாரிகளின் ஒன்றுகூடல். இருபது வருடமாக என்னிடம் கருவாடு வாங்கும் வவுனியா முதலாளி மனோகரன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நானே கிட்டப் போனேன்.

“அம்மா செத்ததுக்கு உங்கட கும்பிட்ட கைப் படம் போனில வந்தது. இனிக் கருவாட்டையும் படமா அனுப்புங்கோ. நான் வேற ஆளிட்ட வாங்கிறன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய தாய் இறந்ததே எனக்குத் தெரியாது. கடைச் செல்பேசியில் என் பெயரில் மருமகள்தான் எழுதி அனுப்புகிறாள் என்று அந்தச் சபையில் ஒப்புக்கொள்வதா? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவளைக் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொல்கிறாள்: “குறூப்பில முந்நூறு பேர் இருக்கினம், மாமி. எல்லாற்றை செத்தவீட்டுக்கும் போகேலுமே?”

“முந்நூறு பேரும் கருவாடு வாங்கினவையோ?”



நாளை முதல் பஸ்ஸில் வவுனியா போகிறேன். வெள்ளைச் சேலை எடுத்து வைத்தாயிற்று. மனோகரனிடம் கெஞ்சமாட்டேன். அந்தத் தாய் எனக்கு எத்தனையோ தரம் சோறு போட்டவர். அவருக்காகப் போகிறேன்.

கடைச் செல்பேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். உள்ளே கிடந்து சிணுங்குகிறது. திறப்பு என் தலையணைக்குக் கீழே.