மூன்றாவது மொழிக்குப் போகும் முன்

கடவுள் துணை

பெரியவளின் அப்பாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அந்தக் குளிரில் நீங்களும் நலமாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், பெரியவள், குட்டி, உங்கள் தங்கை, அவள் கணவர். வேறு யாரும் இல்லை. மாடிவீட்டு அம்மா கதவு வரை வந்து துணிக் கிளிப் வாங்கிக்கொண்டு போனார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவு கறாராக ஏன் எழுதுகிறேன் என்றால், அன்று நடந்ததை உங்கள் தங்கை ஒரு விதமாகவும் அவள் கணவர் ஒரு விதமாகவும் உங்களிடம் சொல்வார்கள். நான் நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் மூவரும் உங்களிடம் வந்து சேர்வதைப் பற்றிப் பேசத்தான் கூடினோம். உங்கள் மீன் தொழிற்சாலையில் குடும்பத்துக்கும் விசா தருகிறார்கள் என்பது நல்ல செய்திதான். இங்கே உங்கள் பழைய கம்பெனி மூடியபின் நமக்குத் தங்க அனுமதி இந்த வருடக் கடைசி வரைதான். செலவு விவரமெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், அது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம்.

முதலில் சிரிப்பாகத்தான் போனது. அங்கே மூக்கு ஒழுகினால் ஐஸ் குச்சியாகத்தான் கீழே விழும் என்றார் தங்கை கணவர். உடனே குட்டி, “அப்ப அப்பாவுக்கு மூக்கு இருக்கா இல்லையா?” என்று கேட்டாள். உங்கள் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், “அண்ணன் அங்க தனியாக் கெடந்து அவதிப்படுறார். கெளம்ப வேண்டியதுதானே அண்ணி, இதுல என்ன யோசனை?” என்றாள். ஊர் முழுக்க ரஷ்ய மொழிதானாமே, எனக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாதே என்றேன். “மொழி என்ன பெரிய மொழி! பெரியவ இருக்கால்ல? இங்க வந்து ஆறே மாசத்துல இந்த ஊர் மொழியப் பிச்சு உதறினா. அங்கயும் அவ பாத்துக்குவா” என்றாள்.

பெரியவள் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “நான் வரல அத்தை” என்றாள்.

உங்கள் தங்கை விடுவாளா. அப்பா மேல் பாசம் இல்லையா, பதினைஞ்சு வயசிலேயே இவ்வளவு திமிரா என்று ஆரம்பித்துவிட்டாள். பெரியவள் எதிர்த்துப் பேசவில்லை. “அப்பாவைப் பாக்கணும்னு எனக்கும் இருக்கு. குளிரும் பரவால்ல. ஆனா மறுபடியும் எல்லாருக்கும் வாயா இருக்க என்னால முடியாது அத்தை” என்றாள். அதோடு நிற்கவில்லை. “அந்த ஸ்கேன் ரூம்ல டாக்டர் என்னைப் பாத்துதான் சொன்னார். வயித்துல பாப்பாவுக்கு உயிர் இல்லைன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பாப்பா தூங்குதாம்னு சொன்னேன்” என்றாள்.

எனக்கு அது நினைவிருக்கிறது. குட்டிக்கு முந்தையது. நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து சேரவில்லை. நான் “தூங்கட்டும், பாவம்” என்று சொல்லி டாக்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது விளங்கவில்லை. அவளுக்கு அன்று ஒன்பது வயது.

உங்கள் தங்கை எழுந்து போய் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தங்கை கணவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

எனக்கு அலுப்பாக இருக்கிறதுங்க. உடம்பு அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். போன வாரம் வீட்டுச் சொந்தக்காரர் வந்து வாசலில் நின்று கத்தினார். அவர் கத்தியதைப் பெரியவள் எனக்கு மெதுவான குரலில் சொன்னாள். நான் ஆத்திரமாகச் சொன்னதை அவரிடம் பணிவாகச் சொன்னாள். இரண்டு பக்கத்து அடியும் அவள் மேல்தான் விழுந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பேங்க், கரண்ட் ஆபீஸ், குட்டியின் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் அவள்தான். நம் பெண் கெட்டிக்காரி என்று நாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இன்னொன்றும் எழுதுகிறேன். அந்த வேலையில் சேர முடிவு செய்ததை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. போனை அவள்தான் எடுத்தாள். “அம்மாகிட்டச் சொல்லிடும்மா” என்று வைத்துவிட்டீர்கள். அவள் சமையலறை வாசலில் வந்து நின்று, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், முதலில் தண்ணீர் கேட்டாள். நமக்குள் பேச நமக்குத் தமிழ் இருக்கிறது. அதற்கும் அவளா?

நான் முடிவு செய்திருப்பது இது. நானும் குட்டியும் வருகிறோம். பெரியவள் பள்ளி முடியும்வரை உங்கள் தங்கை வீட்டில் இருக்கட்டும். அப்படித் தங்க அனுமதி உண்டு என்று விசா அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். நானேதான் போய்க் கேட்டேன், அவளைக் கூட்டிப்போகவில்லை. பாதி கையால் பேசினேன். அந்த ஜன்னலில் இருந்த பெண் சிரித்தாள், ஆனாலும் வேலை நடந்தது. பழைய புத்தகக் கடையில் ரஷ்ய எழுத்துப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்க்கிறேன். யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறதாம் குட்டிக்கு. அங்கே டாக்டரிடமும் கடையிலும் நானே நிற்பேன். தப்பும் தவறுமாகப் பேசி அவமானப்பட்டாலும் அது என்னோடு போகட்டும்.

குட்டி சின்னப் பிள்ளை, அந்த மொழியை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். அவளை நம் நடுவில் கொண்டுவந்து நிறுத்த நான் விடமாட்டேன். நீங்களும் நிறுத்தமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் நாங்கள் வரவில்லை, நீங்கள் திரும்பி வாருங்கள், எந்த ஊரிலாவது பிழைத்துக்கொள்ளலாம்.

பெரியவள் இங்கே தங்க உங்கள் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். போனில் அவளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், எனக்கே எழுதுங்கள்.

கையுறை போடாமல் மீன் பெட்டியைத் தொடாதீர்கள். உங்கள் கைகால்களுக்குக் கடவுள் காவல் இருக்கட்டும்.

அவளை விட்டுவிட்டு எப்படி வருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைத்தான் தினமும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லை. நீங்களாவது சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி