சுதா பெயரில் என் போர்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். மொரப்பூருக்கு வந்த மேகம் அப்படியே பொம்மிடிப் பக்கம் போய்விட்டது.

தோட்டத்து மோட்டாரைப் போட்டு அணைக்க, வீட்டில் நான் செய்த மோட்டார் போர்டு இரண்டு. யுஎஸ்பி அடாப்டர் வழியாக ஏற்றினால் புரோகிராம் ஏறவே இல்லை. அரைமணி நேரத் திண்டாட்டம். கடைசியில் பார்த்தால் ஒயர் இரண்டும் இடம் மாறியிருந்தது! பாலிடெக்னிக்கில் கூடப் படித்தபோது சுதா இதற்குத்தான் என் தலையில் குட்டுவாள்.

கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடும் கோளாறு இந்தப் புரோகிராமில் இல்லை. கோளாறு உள்ள பழைய புரோகிராமும் போர்டு டிசைனும், பார்க்கக் கொடுத்தது, தர்மபுரியில் கடை வைத்திருக்கும் சுதாவிடம் இருக்கிறது. "சரி பண்ற வரைக்கும் யாருக்கும் மாட்டாதடி" என்று அப்போதே சொல்லியிருந்தேன். சரியாகிவிட்டது என்று சொல்ல போன் செய்தேன். எடுக்கவில்லை.

வாங்க வேண்டியது: ஈயக்கம்பி, காப்பர் தகடு, ரசப்பொடி.

ஆகஸ்ட் 6, புதன்

கடத்தூர்ப் பக்கமிருந்து கோவிந்தசாமி அண்ணன் என்பவர். வலது கையில் பெரிய கட்டு. பையில் ஒரு மோட்டார் போர்டு.

"கரண்ட் இல்லியேன்னு போர்வெல் கம்ப்ரஸர் பெல்ட்ட மாட்டிக்கினு இருந்தனுங்க. கரண்ட் வந்ததும் அதும்பாட்டுக்கு சுத்திருச்சு. ஒரு வெரலு போச்சுங்க. மாட்டுன மேடம் போனே எடுக்கல. நீங்களும் போர்டு பாப்பீங்கன்னு ரயில்வே ஸ்டேஷன்கிட்ட சொன்னாங்க."

கம்பெனியில் அடித்த பச்சைப் போர்டு. மூலையில் மட்டும் ஒரு வீண் ஓட்டை. என் டிசைனில் நான் தப்பாகப் போட்டது, இதிலும்.

அடாப்டரை மாட்டி லேப்டாப்பில் பார்த்தேன். போர்டு ஆன் ஆனதும் வரும் முதல் வரியில் என் பெயர் இருந்த இடத்தில் சுதாவின் கடைப் பெயர். அடுத்த வரி, ஆங்கிலத்தில் நான் விட்ட எழுத்துப்பிழையோடு அப்படியே. பழைய புரோகிராம்.

"மாட்டுனது தர்மபுரி சுதா மேடங்க. அவங்களே கண்டுபுடிச்சதாமே?"

புதியதை ஏற்றிக் கொடுத்தேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேனா? நினைவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தர்மபுரி. பஸ்ஸில் நின்றுகொண்டே. என் பிரசவத்தின்போது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் சுதா. வழியெல்லாம் அதே நினைப்பு. அவள் கடைக்குள் நுழைந்ததுமே கேட்டேன்.

"எத்தன பேருக்கு மாட்டியிருக்க?"

"பதினொன்னு. உங்கிட்ட சொல்லணும்னுதான்டி இருந்தேன்."

"ஒருத்தருக்கு விரல் போயிருச்சு சுதா."

அவள் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாக, "அதுக்கு நான் என்ன பண்றது? நீ எழுதுன புரோகிராம்தானே?"

பெயர் போட அவளுடையது. விரல் போனால் என்னுடையது.

மற்ற பத்துப் பேர் முகவரி கேட்டேன். கடை பேரு கெட்டுடும் என்றாள். "குடுக்கலேன்னா அந்த அண்ணனையே இங்க கூட்டிக்கினு வருவேன்" என்றதும் எழுதிக் கொடுத்தாள். அங்கே நான் அழவில்லை. பஸ் ஏறிய பிறகுதான்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். லேப்டாப், அடாப்டர், ஒயர் நாலு. அந்தப் பத்தில் முதலில் பென்னாகரம் ரோட்டில் நான்கு தோட்டம்.

முதல் வரியில் யார் பெயர்? கொஞ்ச நேரம் யோசித்தேன். வரியையே எடுத்துவிட்டேன்.

நான்காவது தோட்டத்தில் ஏற்றி முடித்து, மெயினை அணைத்துப் போட்டு இரண்டு முறை பார்த்தேன். மோட்டார் சும்மா நின்றது. தோட்டத்துக்கார அம்மா வீட்டைப் பார்த்துக் கூவினார்: "சுதா கம்பெனிலேருந்து வந்திருக்காங்க. மோர் கொண்டா!"

இல்லை என்று சொல்லாமலே மோரை வாங்கிக் குடித்தேன்.