என் பெயரில் ஒரு பட்டியல்

பிப்ரவரி 3

இவர் நான்காவது முறையாக மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இந்த வருஷமும் நீ எழுதல இல்ல?" என்றார். கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும். கேள்வி இல்லை.

இருவரும் ஒரே வருடம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். கல்யாணத்தின்போது பேசிக்கொண்டது: முதலில் அவர் படிப்பார், நான் வேலைக்குப் போவேன், அடுத்து நான். மூன்று வருடமாகியும் அந்த "அடுத்து" வந்தபாடில்லை. அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார். நான் நர்சிங் ஹோமில் சளியும் இருமலும் பார்க்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானும் விண்ணப்பித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

தெரிந்துவிட்டது. தலைவலி மாத்திரை தேடி அத்தை என் பையைத் திறந்தாராம். விண்ணப்ப நகல் கிடைத்ததாம். நேராக மகன் கையில்.

"சொல்லாம செய்யற அளவுக்கு வந்தாச்சா?"

"சொல்லியிருந்தா?"

"ரெண்டு பேரும் படிக்க உக்காந்தா வீட்டை யார் பாக்கறது?"

"மூணு வருஷமா வீட்டுல இருக்கறது நீங்கதானே?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். "சாப்பிடற நேரத்துல வாயைக் குடுக்கணுமா?" என்றார் அத்தை, என்னிடம். என்னிடம்தான்!

பிப்ரவரி 12

பேச்சில்லை. நல்லதாகப் போயிற்று. ஒரு பாடம் முடிந்தது.

மார்ச் 6

வீட்டு மேசை அவருக்கு. எனக்கு நர்சிங் ஹோமின் ஈ.சி.ஜி. அறை. நோயாளி இல்லாதபோது அந்தக் கட்டிலில் உட்கார்ந்து படிக்கிறேன். தலைமை நர்ஸ் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

"டாக்டரம்மா, இதே கேள்வியை முந்தாநேத்தும் கோட்டை விட்டீங்க."

நோய்களுக்குப் பெயர் வைத்தவர்கள் மேல் அவருக்குத் தனிக் கோபம். "ஒரு மகராசனாவது வாயில நுழையற பேரா வெச்சிருக்கானா?" இந்த ஒரு மாதமாக நான் சிரித்தது அங்கே மட்டும்தான்.

ஏப்ரல் 19

தேர்வு. அவர் காரில் போனார். என் மையம் அதே வழியில்தான். ஏற்றிக்கொள்ளவில்லை. "பேச்சு குடுத்தா டென்ஷன் ஆயிடும்." யாருக்கு? பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

மே 14

முடிவு வந்தது. என் ரேங்க் ஆறாயிரத்துச் சொச்சம். அவருடையது நாற்பத்தோராயிரம்.

"உனக்குத் தெரிஞ்ச கேள்வியா வந்திருக்கும்," என்றார். இருவருக்கும் ஒரே கேள்வித்தாள். நர்சிங் ஹோமுக்குப் போய்த் தலைமை நர்ஸிடம்தான் ரேங்கைச் சொன்னேன். அவர் அழுதார். நான் அழவில்லை. பொய். அழுதேன்.

மே 30

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போட வேண்டும். எனக்கு மயக்கவியல், எம்.டி., மூன்று வருடம். அவர் எனக்காகத் தேர்ந்தெடுத்திருப்பது குழந்தை மருத்துவப் பட்டயம். இரண்டே வருடம், இதே ஊர்.

"மயக்க டாக்டரை எவன் தேடி வருவான்? முழிச்சதும் மறந்துடுவான்."

மறக்கட்டுமே. வலி தெரியாமல் முடிந்தது என்றுதானே அர்த்தம்?

பட்டயம் மட்டம் என்று நான் நினைக்கவில்லை. என்னோடு படித்தவள் கண் மருத்துவத்தில் பட்டயம் முடித்துவிட்டு ராணி மாதிரி இருக்கிறாள். ஆனால் அது அவளே ஆசைப்பட்டு எடுத்தது.

"நான் அடுத்த வருஷமும் எழுதணும், அதை யோசிச்சியா?" மூன்று வருடமாக நான் வேறு எதை யோசித்தேன்?

முப்பத்தெட்டு இடங்களை வரிசைப்படுத்திச் சேமித்தேன். முதல் வரியில் மயக்கவியல், எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு கல்லூரி.

ஜூன் 4

பதினொன்றேகால் மணிக்கு வார்டில் நிற்கிறேன், போனில் செய்தி: உங்கள் பட்டியல் உறுதி செய்யப்பட்டுப் பூட்டப்பட்டது. நான் செய்யவில்லை. திறந்து பார்த்தால் முதல் வரியில் குழந்தை மருத்துவப் பட்டயம். மயக்கவியல் ஒரு வரியில்கூட இல்லை. வீட்டு லேப்டாப்பில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்தது என் முட்டாள்தனம்.

அவருக்குப் போன் செய்தேன். "நம்ம நல்லதுக்குத்தான். இனிமே மாத்த முடியாது, விடு." குரலில் அப்படியொரு நிம்மதி. என்ன மனுஷன்யா நீ? என் பேர்ல, என் நம்பர்ல... அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியாது.

டியூட்டியை நர்ஸ் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் கலந்தாய்வு அலுவலகத்துக்கு ஓடினேன். நான்கு மணி வரைதான் நேரில் மனுக் கொடுத்துத் திறக்க முடியும். என் முறை வரும்போது மூன்றே முக்கால்.

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் குடுக்காதீங்கன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமே?" என்றார் குமாஸ்தா.

"குடுக்கல. வீட்டுக்காரர் எடுத்துட்டார்."

நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, திரையை என் பக்கம் திருப்பினார். "இப்பவே புதுசா மாத்துங்க. அவசரப்படாம ஒவ்வொரு வரியா போடுங்க. நான் கவுன்டரை மூடல."

ஜூன் 18

ஒதுக்கீடு வந்தது. முதல் வரியே.

ஜூன் 27

பெட்டியைக் கட்டினேன். "என் புள்ளையை இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போறியே," என்றார் அத்தை.

"எங்கயும் போயிடல அத்தை. அறையிலதான் இருக்கார்."

கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

செப்டம்பர் 8

இன்று ஒரு பெண், கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. என் கையை விடவே இல்லை. "முழிச்சுக்குவேன்ல?"

"நான் பக்கத்துலயேதான் இருப்பேன். எழுப்பறதும் நான்தான்."

சீனியர் டீ குடிக்கப் போகச் சொன்னார். போகவில்லை. கண் திறந்ததும் அவள் கேட்டது: "இன்னும் ஆரம்பிக்கலையா?"

செப்டம்பர் 20

இரண்டு நாள் விடுப்பு. ஹாஸ்டலே காலி. அவர் போன் செய்தார்.

"வரலையா?"

"இல்ல."

"எப்ப வருவ?"

"தெரியல."

வைத்துவிட்டார். துணியைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். சாயங்காலம் வரை தூங்கினேன்.